என் பங்குக் கிறுகிறுப்பு

செவ்வாய்

இன்றைக்கும் நகர்ந்துவிட்டேன்.

ஒற்றைக்காலில் சுழலும்போது காலணியின் பிளேடு ஒரே இடத்தில் வட்டத்தின் மேல் வட்டமாகக் கீற வேண்டும். நல்ல சுழற்சி முடிந்தபின் குனிந்து பார்த்தால், டபராவைக் கவிழ்த்து வைத்து அதன் விளிம்பைச் சுற்றி வரைந்த மாதிரி பனியில் ஒரு தடம் தெரியும். என் தடம், கை நடுங்குகிறவர் பிழிந்த முறுக்கைப் போல வாசலை நோக்கிப் போயிருந்தது.

"அக்கா, வெளிய போற வழி அதுதான். ஆனா கிளாஸ் இன்னும் முடியல," என்றாள் ஜெசிந்தா.

ஜெசிந்தா எங்கள் பயிற்சியாளர். ஊட்டிக்காரி. என்னைவிட ஏழு வயது இளையவள். அக்கா என்று அழைத்த வாயாலேயே அடுத்த நொடி, "இடுப்பு! இடுப்பு எங்க போச்சு?" என்று அதட்டுவாள். பீளமேட்டில் மூடிப்போன ஒரு நூற்பாலையின் கிடங்கைத்தான் பனித்தளமாக மாற்றியிருக்கிறார்கள். வெளியே சித்திரை வெயில் இறங்க மறுக்கும் நேரத்தில், கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு நாங்கள் உள்ளே வட்டமடிப்போம்.

பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் மூன்றே பேர். ஒருவர் குப்புராஜ் அண்ணன். ஐம்பது தாண்டியவர், ஆவாரம்பாளையத்தில் வெட்கிரைண்டர் பட்டறை வைத்திருக்கிறார். இன்னொருவர் பரக்கத் நிஷா, பல் மருத்துவர், எனக்கு நிஷாக்கா. மூன்றாவது நான், வான்மதி. தராசுகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்பது அங்கே கற்ற பாடம். அதன்படி முழங்காலை ஒரு வாரம், இடது தோளை ஒரு வாரம், கண் எங்கே பார்க்கிறது என்பதை ஒரு வாரம் என்று மாற்றிப் பார்த்துவிட்டேன். முறுக்கு முறுக்காகவே இருக்கிறது. அப்படியானால் கோளாறு நான்தான். இந்த முடிவுக்கு வர எனக்கு எப்போதுமே அதிக நேரம் ஆனதில்லை. வீணை, நீச்சல், ஜப்பான் மொழி எல்லாவற்றையும் இந்த முடிவோடுதான் பாதியில் விட்டேன்.

வகுப்பு முடிந்ததும் வழக்கம்போல் மூவரும் பெஞ்சில் கைகோத்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஆட ஆரம்பித்தோம். புதிதாக வந்திருக்கும் காவலாளி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"என்னங்க, மூணு பேத்துக்கும் ஒண்ணா அருள் வந்துருச்சுங்களா?"

நிஷாக்கா கண்ணைத் திறக்காமல் பதில் சொன்னார். "காதுக்குப் பின்னாடி பட்டை இருக்கு பாருங்க. சுத்தும்போது உள்காது மூளைக்கு 'சுத்துறே, சுத்துறே'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும்ல? அந்தச் சேதியை இது நடுவுல புடிச்சு வெச்சுக்கும். சுத்தும்போது ஒண்ணும் தெரியாது. ஆனா அழிச்சிர முடியாது. படுக்கறதுக்குள்ள எப்பயாவது உக்காந்து மொத்தமா இறக்கிக்கணும். நாங்க இறக்கிக்கிட்டு இருக்கோம்."

"இறக்காம படுத்தா?"

"கட்டிலைப் புடிச்சுக்கிட்டே விடிய வேண்டியதுதான்."

"அட, எங்க மச்சான் வால்பாறை பஸ்ஸுல ஒட்டிக்கிட்டுப் போவானே, அதுங்களா!"

"அதேதான். இப்பப் பேசாதீங்க, வாந்தி வரும்."

பட்டையோடு பட்டையைத் தொட்டால், சேர்ந்திருக்கும் கிறுகிறுப்பை இன்னொருவருக்குக் கொடுத்துவிடவும் முடியும். எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. அன்றைக்கு அதிகம் விழுந்து எழுந்தவருடையதை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வோம். அந்த ஒருவர் பெரும்பாலும் நான்தான். பங்கு போட முதலில் காதை நீட்டுகிறவர் குப்புராஜ் அண்ணன். இரண்டு சுற்றுக்கு மேல் போக அவருக்குப் பயம். பனியில் பட்டையே போடுவதில்லை. "ரெண்டு சுத்துக்கு எதுக்குங்?" என்பார். பெஞ்சுக்கு வந்ததும் பட்டையை ஒட்டிக்கொண்டு, "இப்புடிக் குடுங்க அம்மணி, நம்முளுது காலி டப்பாதானுங்களே," என்று என்னுடையது கிட்டத்தட்ட முழுவதையும் நிஷாக்காவுடையதில் பாதியையும் வாங்கிக்கொள்வார். பிறகு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மற்ற இருவரையும்விட அதிகமாக ஆடுவார். எனக்கு ஒவ்வொரு முறையும் கஷ்டமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் கொடுத்துவிடுவேன்.

ஆடி முடித்ததும் ஜெசிந்தா விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னும் நாலு வாரத்துல தேர்வு. சென்னையிலேர்ந்து ஒரு மேடம் வர்றாங்க. ஒரே இடத்துல அஞ்சு சுத்து, கை விரிச்சு நிதானமா வெளிய வரணும். பட்டையைக் கழட்டி மேஜை மேல வெச்சுட்டுத்தான் பனியில ஏறணும். புது விதி."

"பாஸாகலைன்னா?" என்றேன்.

"சாயங்கால நேரம் இனிமே ரெண்டாம் நிலைக்கு மட்டும்தான். பாஸாகாதவங்களுக்கு முதல் நிலை வகுப்பு ஒண்ணுதான் இருக்கு. சனிக்கிழமை காலைல."

சனிக்கிழமை காலை வகுப்பு என்பது பிளாஸ்டிக் பென்குயினைத் தள்ளிக்கொண்டு பழகும் சிறுபிள்ளைகளின் வகுப்பு.

"என் கிளினிக்குக்கு வர்ற வாண்டுங்க அங்கதான் இருக்கும்," என்றார் நிஷாக்கா. "நான் விழறதைப் பாத்துச்சுன்னா அப்புறம் ஒண்ணுகூட என் முன்னாடி வாயத் தொறக்காது."

எனக்கு வாண்டுகள் பிரச்சினை இல்லை. ஐந்து சுற்று. இந்த ஒன்றையாவது முடித்துவிட வேண்டும்.

வியாழன்

முதல் முறையாகப் பட்டை இல்லாமல் சுழன்றோம்.

இரண்டாவது சுற்றில் கிடங்கின் இரும்பு விட்டங்கள் வலப்பக்கமாக வழிய ஆரம்பித்தன. மூன்றாவதில் நான் உட்கார்ந்தேன். பிறகு படுத்தேன். அதன்பின் தவழ்ந்து போய்க் குப்பைத்தொட்டியைக் கட்டிக்கொண்டேன். நிஷாக்கா இரண்டு சுற்றோடு ஜெசிந்தாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "ஜெசி, மொதல்ல கட்டடத்தை நிறுத்து," என்று கத்தினார். குப்புராஜ் அண்ணன் ஓரத்தில் பிளாஸ்கோடு நின்று இருவருக்கும் மாறி மாறிச் சுக்குக் காபி ஊற்றினார். அவர் இன்றைக்குப் பனியிலேயே ஏறவில்லை. "உங்களப் பாத்தாலே பயமா இருக்குதுங்," என்றார்.

"உங்களுக்கு மட்டும் எப்படி வராம இருக்கு?" என்று ஜெசிந்தாவைக் கேட்டேன்.

"எனக்கும் வந்துச்சு அக்கா. ரெண்டு வருஷம் தினம் வந்துச்சு. அப்புறம் ஒரு நாள் மூளைக்கே அலுத்துப்போச்சு. 'இவ இப்படித்தான், திருந்த மாட்டா'ன்னு கண்டுக்காம விட்டுருச்சு. அதை அலுக்க வைக்கறதுதான் ஸ்பின் கத்துக்கறது. நீங்க எட்டு மாசமா அதுக்குச் சேதியே அனுப்பல."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். பட்டை கூடாதுன்னா ஒருத்தரும் சேர மாட்டாங்கன்னு மேனேஜர் சொல்லிட்டாரு." அவள் தன் காலணியைப் பார்த்துக்கொண்டாள். "இன்னொண்ணு அக்கா. லேசா சாயறீங்கன்னும் காதுதான் சொல்லும். பட்டை அதையும் சேத்துப் புடிச்சுக்குது. அதனாலதான் நகர்றீங்க."

முழங்கால், தோள், கண். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றியவள் பட்டையை மட்டும் மாற்றிப் பார்க்கவே இல்லை. ஆய்வகத்தில் யாராவது இப்படிச் செய்திருந்தால் நானே சிரித்திருப்பேன்.

ஆனால் வீட்டுக்கு வந்தபின் என்னைக் குடைந்தது வேறு. குப்பைத்தொட்டியைக் கட்டிக்கொள்ள வைத்த இதே சாமானைத்தானே எட்டு மாதமாகக் குப்புராஜ் அண்ணன் தலையில் கட்டிவந்தேன்? அவர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. எவ்வளவு பெரிய பாவம்.

செவ்வாய்

பட்டை போடாமல் சில சுற்று, தாங்க முடியாதபோது போட்டுக்கொண்டு சில சுற்று. பெஞ்சுக்கு வந்ததும் குப்புராஜ் அண்ணன் காதை நீட்டினார். நான் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"என்ன அம்மணி, இன்னைக்கு நமக்கு இல்லீங்களா?"

"இல்லண்ணா. இனிமே என்னோடதை நானே வெச்சுக்கறேன். இத்தன நாளா உங்களைப் படுத்திட்டேன். மன்னிச்சிருங்க."

பந்தியில் பாதியில் இலையை எடுத்துவிட்ட மாதிரி அவர் முகம் மாறியது.

"மன்னிப்பா? எதுக்குங்? பட்டறையில நாள் பூரா கல்லு சுத்தறதப் பாத்துட்டே நிக்கறவன் நானு. நீங்க குடுக்கறத வாங்கிட்டுக் கண்ண மூடுனா, மாரியம்மன் நோம்பிக்குப் போடற ராட்டினமாட்டவே இருக்குமுங். எனக்கு அது புடிக்குமுங்."

"புடிக்குமா?" என்றார் நிஷாக்கா. "நாங்க ரெண்டு பேரும் உங்களைத் தியாகின்னு நெனச்சுட்டு இருக்கோம்!"

"மொதல்ல கொமட்டுச்சுங். பொறவு ஊஞ்சலாட்டம் ஆயிப்போச்சு. இப்ப கொஞ்ச நாளா அதுவும் சரியாத் தெரியறதில்லீங். நானா வேணும்னு ஆட்டிக்கிட்டாத்தான் உண்டு. நீங்கதான் கொறச்சுக் குடுக்கறீங்களோன்னு இருந்தேன்."

காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா நிமிர்ந்தாள்.

"அங்கிள், என்ன சொன்னீங்க? தெரியறதில்லையா?"

"ஆமாங் மேடம்."

"ஷூவைக் கட்டுங்க."

"நேரமாச்சுங்களே, பட்டறையில ஆளு..."

"கட்டுங்க!"

குப்புராஜ் அண்ணன் பனியில் ஏறினார். ரெண்டில் நிறுத்தக் கூடாது, நான் சொல்லும்வரை விடக் கூடாது என்று ஜெசிந்தா கட்டளையிட்டாள். அவர் பின்பக்கமாக வளைந்து வந்து, இடது காலை ஊன்றி, பெரிய கதவைத் திறக்கிற மாதிரி வலது காலைச் சுற்றிக்கொண்டு வந்தார். அழகு என்று சொல்ல முடியாது. சட்டை வெளியே வந்துவிட்டது. மூச்சைப் பிடித்ததில் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. ஆனால் மூன்று, நான்கு, ஐந்து என்று ஆணி அடித்த இடத்தில் நின்று சுழன்றார். எட்டாவது சுற்றில் ஜெசிந்தா கை தூக்கினாள். அவர் கையை விரித்து வெளியே வந்து, எதுவும் நடக்காததுபோல், "போதுங்களா?" என்றார்.

ஜெசிந்தா குனிந்து தடத்தைப் பார்த்தாள். ஒரே வட்டம்.

"மதி," என்றார் நிஷாக்கா, "நம்ம கிறுகிறுப்பை எல்லாம் இந்த மனுஷன் தின்னு செரிச்சுட்டாருடி!"

ஜெசிந்தா சிரித்துச் சிரித்துப் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அங்கிள், மூணு பேரோட பயிற்சியையும் பெஞ்சுல உக்காந்தே முடிச்சுட்டீங்க. சேதி யார் காதுலேர்ந்து வருதுன்னு மூளை கேக்கறதே இல்ல."

குப்புராஜ் அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப நான் உங்களுது எல்லாத்தையும் எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிருச்சுங்களே. திருப்பிக் குடுத்தர்றேனுங்."

"எதைத் திருப்புவீங்க அங்கிள்? உங்களுக்குத்தான் இனி வராதே."

பாவம் செய்துவிட்டேன் என்று ஐந்து நாளாக நான் தூங்காமல் கிடந்தது இந்த மனிதருக்காகத்தான். போனது அவருடையது இல்லை. என்னுடையது.

வியாழன்

குப்புராஜ் அண்ணன் நஷ்ட ஈடாக ஒரு பெரிய தேங்காய் பன் வாங்கி வந்தார். சுழலப் போகிறவர்கள் சாப்பிடக் கூடாது என்று ஜெசிந்தா பிடுங்கிக்கொண்டு, அவளே பாதியைத் தின்றாள்.

எனக்கு இப்போது பட்டை இல்லாமல் மூன்று சுற்று வருகிறது. அதற்கு மேல் விட்டங்கள் வழிகின்றன. தொடர்ந்து பழகலாம் என்றால், மூளைக்கு அலுக்கும் முன்னால் காலுக்கு அலுத்துவிடுகிறது.

"தேர்வுக்குள்ள ஆகுமா?" என்று கேட்டேன்.

"உங்க கிறுகிறுப்பு மட்டும் பத்தாது அக்கா," என்றாள் ஜெசிந்தா. அவள் பொய் சொல்ல மாட்டாள். அது அவளிடம் எனக்குப் பிடித்த குணம், இன்றைக்குத் தவிர.

நிஷாக்காவிடம் வழி இருந்தது. அவர் கணவர் வேலை விஷயமாக வால்பாறைக்குப் போய்வருகிறவர். "அத்தனை கொண்டை ஊசி வளைவையும் அந்த மனுஷன் ராத்திரி சோபாவுல உக்காந்து வீணா இறக்கறாரு. நேத்துலேர்ந்து நான் வாங்கிக்கறேன். 'பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்'னு எங்க மாமியாகிட்ட போன் போட்டுச் சொல்றாரு!"

"எனக்கு அப்படி யாரும் இல்லையேக்கா."

"உனக்கா இல்ல? சனிக்கிழமை காலைல மேல மாடத்துல வந்து பாரு. அம்மாமார் எல்லாம் வரிசையா உக்காந்து ஆடிக்கிட்டு இருப்பாங்க."

சனி

நிஷாக்கா சொன்னது உண்மைதான். கீழே குழந்தைகள் பென்குயினோடு சுற்றுகிறார்கள். இடைவேளையில் படியேறி ஓடிவந்து அம்மாவின் காதில் காதை ஒட்டுகிறார்கள். உடனே திரும்பி ஓடுகிறார்கள். அம்மாக்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுகிறார்கள். ஒருவர் ஆடிக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நான் கொஞ்சம் வாங்கிக்கட்டுமா?" என்று அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். பழகுவதற்கு என்று காரணமும் சொன்னேன்.

யசோதா என்று பெயர். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "தாராளமா எடுத்துக்க கண்ணு! இதோட வீட்டுக்குப் போயி நான் ரசம் வெக்கறதுக்குள்ள அடுப்பே ரெண்டாத் தெரியுது. ஏனுங் மைதிலி, இங்க வாங்க, இந்தப் பொண்ணு வாங்கிக்குதாம்!"

நான்கு அம்மாக்களுடையதை வாங்கி, கம்பியைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எட்டு வயதுக் கிறுகிறுப்பு பெரியவர்களுடையதைவிட வேகமானது. தள்ளுவண்டியில் கட்டி மலைச்சரிவில் விட்ட மாதிரி இருந்தது. ஆனால் கடைசியில், கொஞ்சமே கொஞ்சம், அலுத்தது.

செவ்வாய்

நான்கு சுற்று. பட்டை இல்லாமல்! நகர்ந்தது ஒரு சாண் அளவுதான். இன்னும் ஒரு சனிக்கிழமை கிடைத்தால் ஐந்து வந்துவிடும். வருகிறது, உண்மையாகவே வருகிறது. வீணை டீச்சரைத் தெருவில் பார்த்தால்கூடத் தலைநிமிர்ந்து வணக்கம் சொல்லலாம் போலிருந்தது.

சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியாமல் போய்விடும்.

நான்கு அம்மாக்களிடமும் வாங்கிக்கொண்டேன். உட்கார்ந்து இறக்கப் போகும்போது யசோதாவின் மகள் தன்யஸ்ரீ பக்கத்தில் வந்து நின்றாள். முன்பல் இரண்டு இல்லை.

"அக்கா, எங்கம்மாகிட்ட என்ன வாங்குனீங்க?"

"நீ சுத்துனதுல வந்த கிறுகிறுப்பு."

"என்னோடதா?"

"ஆமா."

"அது எப்படி இருக்கும்?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. மூன்று வயதில், காரில் ஊட்டிக்குப் போனபோது ஒட்டிய பட்டை. பள்ளி வேனில், ஊஞ்சலில், பனியில் எங்கும் அவள் அதைக் கழற்றியதே இல்லை. அவளுக்காக அவள் அம்மாதான் எப்போதும் ஆடியிருக்கிறார்.

"உலகம் பூரா தோசை மாவு மாதிரி வழியும்," என்றேன்.

அவள் கண் விரிந்தது. "எனக்கு வேணும்."

"வயித்தக் கொமட்டும் சாமி."

"பரவால்ல. என்னோடதுதானே?"

என் ஐந்தாவது சுற்று என் காதுக்குப் பின்னால்தான் இருந்தது. இன்னும் ஒரு வாரத்தில் தேர்வு. அதற்கு முன்னால் இன்னொரு சனிக்கிழமை கிடையாது. எட்டு மாதமாக என்னுடையதை வாங்கிக்கொண்டவர்களும் அன்பாகத்தான் வாங்கிக்கொண்டார்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்தக் கட்டடத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. இவளிடம் பட்டையைக் கழற்றச் சொல்லும் நாளில் இவளும் ஒரு குப்பைத்தொட்டியைத் தேடி ஓடுவாள். நானோ இவளுடையதைத் தின்று எழுந்திருக்கப் பார்க்கிறேன். நிஷாக்காவின் கணவராவது தெரிந்து கொடுக்கிறார். இவளிடம் யாரும் கேட்கவே இல்லை.

கலந்துபோனதில் எது யாருடையது என்று பட்டைக்குத் தெரியாது. கால் பங்கு என்று கணக்கிட்டு, குனிந்து, காதோடு காதை வைத்தேன்.

இறக்கிக்கொள்ள நான் சொல்லிக்கொடுத்தபடி தன்யஸ்ரீ தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். வாய் திறந்தது. இரண்டு கையாலும் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மாடமே அதிரும்படி கத்திச் சிரித்தாள். பக்கவாட்டில் சாய்ந்தாள். எழுந்தாள். மறுபடி சாய்ந்தாள். கடைசியில் யசோதாவின் கீரைப் பையில் வாந்தி எடுத்தாள்.

"ஐயோ, எம்புள்ளைய என்ன பண்ணுனே!" என்று யசோதா ஓடிவந்தார்.

"அம்மா! இன்னொருக்கா!" என்றாள் தன்யஸ்ரீ.

அதற்குள் மற்ற பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, என்னோடது எங்க?" "எனக்கு மொதல்ல!" "அவனுக்குக் குடுத்தது என்னோடது!" நான் காதை நீட்டிக்கொண்டே இருந்தேன். பட்டை காலியானபோது தரையெங்கும் பிள்ளைகள் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் அழுதான். அழுகையை நிறுத்திவிட்டு அவனும் இன்னொருக்கா கேட்டான்.

மேனேஜரைக் கூப்பிடுங்கள் என்று மைதிலி சத்தம் போட, ஜெசிந்தா மேலே ஓடிவந்தாள். அன்று எங்களிடம் சொன்னதை எல்லாம் அம்மாக்களிடம் சொன்னாள். மேனேஜர் என்ன சொல்வாரோ என்று நான் பயந்தேன். அவள் பயந்ததாகத் தெரியவில்லை.

"இப்பவே எதுக்கு இந்தப் பாடு?" என்றார் யசோதா. "பெரியவளானா தானாப் பழகிக்கறா."

நான் பொதுவாக இப்படிப்பட்ட இடங்களில் பேச மாட்டேன். "எனக்கு இருபத்தெட்டு வயசுங்க," என்றேன். "போன மாசம் கீழ குப்பைத்தொட்டியக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். வேணும்னா வாட்ச்மேனைக் கேட்டுப் பாருங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். யசோதா சிரிக்கவில்லை. மகளின் வாயைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே அழைத்துக்கொண்டு போனார். படியிறங்கும்வரை தன்யஸ்ரீ என்னைத் திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள்.

வீட்டுக்கு வந்தேன். இறக்குவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

தேர்வு

சென்னையிலிருந்து வந்த மேடம் சால்வையின் மேல் இன்னொரு சால்வை போர்த்தியிருந்தார். மேஜையின் மேல் மூன்று பட்டைகள்.

குப்புராஜ் அண்ணன் எட்டுச் சுற்று சுற்றினார். "இந்த வயசுல இவ்வளவு நிதானமா! எங்க பழகுனீங்க?" என்று மேடம் கேட்டார். "பெஞ்சுலீங்," என்றார் அவர். மேடம் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நிஷாக்கா கணக்காக ஐந்து. கையை விரித்து வெளியே வரும்போதே, "வால்பாறை வாழ்க!" என்று கத்தினார்.

நான் வளைந்து வந்தேன். இடது காலை ஊன்றினேன். அவசரப்படாமல் கையை மூடினேன். ஒன்று, இரண்டு. லேசாக வலப்பக்கம் சாய்கிறேன் என்று காது சொன்னது, திருத்திக்கொண்டேன். மூன்று, நான்கு. விட்டங்கள் வழிந்தன. ஐந்தாவது பாதியில் மற்ற கால் தானாகவே பனியில் ஊன்றிவிட்டது.

மேடம் வந்து குனிந்து தடத்தைப் பார்த்தார். "துளிகூட நகரல. ரொம்ப நல்ல மையம்," என்றார். "ஆனா அஞ்சு இல்லம்மா."

குப்புராஜ் அண்ணன்தான் அழுதுவிடுவார் போலிருந்தார். "என்னுதுல மூணு மிச்சம் இருக்குதுங்களே, அதச் சேத்துக்க முடியாதுங்களா மேடம்?" என்று கேட்டே விட்டார்.

கோளாறு நான்தான் என்ற எண்ணத்துக்காகக் காத்திருந்தேன். காலணியைக் கழற்றும்வரை வரவில்லை. பேருந்திலும் வரவில்லை. எங்கேயோ வழிதவறிவிட்டது போலும்.

சனி

முதல் நிலை வகுப்பில் இது எனக்கு நான்காவது வாரம். உயர வரிசையில் கடைசியாக நிற்கிறேன். பென்குயின் என் முழங்காலுக்குத்தான் வருகிறது.

மாடத்தில் பாதி அம்மாக்களின் பட்டைகள் கைப்பைக்குள் போய்விட்டன. மீதிப் பேர் பழையபடி ஆடுகிறார்கள். நான் போய்ச் சொல்வதில்லை. அவர்கள் கேட்டால் சொல்கிறேன். யசோதா இன்னமும் என்னோடு பேசுவதில்லை. ஆனால் தன்யஸ்ரீயின் காதுக்குப் பின்னால் பட்டை இல்லை. ஒரு பிளாஸ்டிக் கவர் மட்டும் இடுப்பில் செருகியிருக்கிறாள். இரண்டு வாரமாக அதற்கும் வேலையில்லை.

இன்று, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், எனக்கு ஐந்து வந்தது.

ஐந்து! மேடம் இல்லை, நிஷாக்கா இல்லை, குப்புராஜ் அண்ணன் இல்லை. ஜெசிந்தாகூட அந்தப் பக்கம் திரும்பி யாருக்கோ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். பார்த்தது தன்யஸ்ரீ மட்டும்தான்.

"பாத்தியா? அஞ்சு!" என்றேன். தலை சுற்றியது. பனியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"பாத்தேன்," என்றாள். "நான் ஆறு."

பொய்யாக இருக்கும் என்று நினைத்தேன். சுழன்று காட்டினாள். ஆறுதான். முடித்துவிட்டுத் தள்ளாடி வந்து என் மடியில் விழுந்தாள். சுற்றுகிற கிடங்கை இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வகுப்பு முடிந்ததும் ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் துள்ளிக் குதித்தாள். "சூப்பர் அக்கா! அடுத்த மாசம் மேடம் மறுபடி வர்றாங்க. உங்க பேரைக் குடுத்துடறேன். அங்கிளும் நிஷாக்காவும் நீங்க இல்லாம ஒரே சண்டை. சாயங்கால வகுப்புக்கு வந்துருங்க."

தன்யஸ்ரீ இடையில் புகுந்தாள். "அக்கா போயிருவாங்களா? அப்ப நான் யாரைத் தோக்கடிக்கறது?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எட்டு வயதுப் பிள்ளையிடம் ரோஷப்படுவது சரியா என்று தெரியவில்லை. அதை யோசித்துக்கொண்டிருக்க நேரமும் இல்லை.

"அடுத்த மாசம் வேண்டாம் ஜெசிந்தா," என்றேன். "ஏழு வரட்டும். அப்புறம் போறேன்."

தன்யஸ்ரீ நாங்கள் பேசி முடிக்கக் காத்திருக்கவில்லை. எட்டு பழகுவதற்குப் பனியில் ஏறிவிட்டாள்.